சேலத்தில் நங்கூரச் சங்கிலி வாங்குகிறீர்களா? 316 என்று சொல்லி 202 தருகிறார்கள்

பாய்மரப் படகுக்குச் சங்கிலியும், அதை நங்கூரத்தோடு பூட்டும் ஷாக்கிளும் (குறுக்கே பின் போடும் U வடிவ வளையம்) சேலத்தில் மலிவாக முடியும் என்று கிளம்புகிறவர்கள், பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். மண்டபத்தில் நிற்கும் 28 அடிப் படகுக்காக, ஊருக்குள் ஒரு கடையில் 8 மி.மீ. சங்கிலி 40 மீட்டரும் 10 மி.மீ. ஷாக்கிள் நான்கும் வாங்கினோம். "ஷாக்கிள் 316 சார், நம்ம சேலம் ஸ்டீல் பிளாண்ட் சரக்கு. சங்கிலி ஹாட் டிப். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். 316 என்பது கடலுக்கு ஏற்ற எவர்சில்வர் ரகம், 202 மலிவு ரகம்; ஹாட் டிப் என்றால் உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசியது. அவர்கள் சொன்னது இரண்டுமே பொய்.

முதல் பொய்யை அங்கேயே பிடித்திருக்கலாம். சேலம் உருக்காலை தருவது தகடும் சுருளும். ஷாக்கிளோ உருண்டைக் கம்பியில் செய்வது. கேட்டதும் நீட்டிய சான்றிதழ் ஜெராக்ஸில் "தடிமன் 2.00 மி.மீ." என்று இருந்தது. 10 மி.மீ. ஷாக்கிளுக்கு 2 மி.மீ. தகட்டின் தாள்! அதில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த சரக்கு என்று காட்டும் எண்) இருந்தது. ஷாக்கிளில் ஓர் எழுத்துகூட அடிக்கப்படவில்லை. சரக்கில் அடித்திருக்கும் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை.

பிறகு காந்தத்தை வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை. 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் ஒட்டாது. வளைத்த, அடித்த இடங்களில் லேசாக இழுக்கலாம், அவ்வளவுதான். 316-ஐத் தனியாகக் காட்டுவது அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம். உப்பில் குழி விழாமல் காப்பதும் அதுதான். எங்கள் ஷாக்கிள் ஒன்றை, உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுத்தோம். மாங்கனீஸ் 9 சதவீதத்தை ஒட்டி, நிக்கல் 4, மாலிப்டினம் இல்லவே இல்லை. சுத்தமான 202. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கினால் டச் (வெள்ளியின் சுத்தம்) என்ன என்று கேட்காமல் யாரும் நகர்வதில்லை. உயிரைக் கட்டித் தொங்கவிடும் இரும்புக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

202 கடலில் என்ன ஆகும்? மூன்றாம் மாதமே பின்னின் தலையைச் சுற்றி டீக்கறை போல ஒரு வளையம். கழற்றிப் பார்த்தால் பின்னின் திருகு மரையின் அடியில் ஊசியால் குத்தியதுபோல வரிசையாகக் குழிகள். வெளியே பளபளப்பு குறையவே இல்லை. சேற்றில் புதைந்த மரைக்குள் ஆக்சிஜன் போகாது. எவர்சில்வரின் மேல்தோல் ஆக்சிஜன் இல்லாமல் ஆறாது. அதனால் அரிப்பு உள்ளே உள்ளே போகும். 316-க்கும் இந்தக் குறை கொஞ்சம் உண்டு. எங்களைக் கேட்டால், நங்கூரத்துக்கு, தாங்கும் எடையை மேலேயே பொறித்த, சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஷாக்கிளே போதும். பின்னை இறுக்கி, கால்வனைஸ் கம்பியால் கட்டிவிடுங்கள்.

சங்கிலிக்கு வருவோம். ஹாட் டிப் என்றால் சாம்பல் நிறம், சற்றுச் சொரசொரப்பு, பூச்சு 60, 70 மைக்ரானாவது இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது வழவழவென்று மின்னியது, கேஜில் 9 மைக்ரான். வெறும் எலக்ட்ரோ பிளேட்டிங், அதாவது மின்சாரத்தில் ஏற்றிய மெல்லிய பூச்சு. வெர்னியரில் பிடித்தால் 8-க்குப் பதில் 7.4 மி.மீ.; பலம் சுமார் 14 சதவீதம் அங்கேயே போய்விட்டது. தராசும் பொய் சொல்லாது: 8 மி.மீ. சங்கிலி 10 மீட்டர் ஏறக்குறைய 14 கிலோ நிற்க வேண்டும். வின்ட்லாஸ் (சங்கிலியை இழுக்கும் சுழல் எந்திரம்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும். பத்து கண்ணியை இழுத்துப் பிடித்து நுனியிலிருந்து நுனிவரை டேப் வையுங்கள், 256 மி.மீ. வர வேண்டும். கடைச் சங்கிலியில் கண்ணி நீளமாக இருக்கும், வின்ட்லாஸின் பல் சக்கரமான ஜிப்சியில் உட்காராமல் தாவும். தாவும்போது கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

இப்படிப்பட்ட சரக்கு ஏற்கெனவே படகில் இருந்தால், மாற்றும்வரை அதை நம்பித் தூங்க வேண்டாம். ஆழம் 4 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகு முகப்பின் உயரம் 1 மீட்டர் என்றால் 25 மீட்டர் சங்கிலி விடுங்கள். காற்று ஏறினால் 35. எஞ்சினை மெல்லப் பின்னுக்குக் கொடுத்து, சங்கிலியில் கை வையுங்கள். கடகடவென்று அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது, விறைத்து நின்றால் பிடித்துவிட்டது. 12 மி.மீ. நைலான் கயிறு எட்டு மீட்டரை ஒரு முனையில் சங்கிலியில் கொக்கி போட்டு, மறுமுனையைப் படகில் கட்டி, வெட்டி இழுப்பை அது வாங்கும்படி செய்யுங்கள். படகு நகர்ந்தால் கத்தும் ஜிபிஎஸ் அலாரத்தின் வட்ட ஆரத்தை, விட்ட சங்கிலியின் நீளத்தோடு படகு நீளத்தையும் கூட்டி வையுங்கள். ஆனாலும் இரவில் ஒருவர் முறை போட்டு விழித்திருக்க வேண்டும். வாடைக்காலத்தில் மண்டபத்தின் தென்கடலும், கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் ஆனி, ஆடியில் வடகடலும்தான் ஒதுங்க இடம். கடைசியாக ஷாக்கிள் மாற்றியது எப்போது என்று எழுதி வைத்து, மாதம் ஒருமுறை பின்னைக் கழற்றிப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது எங்களைக் கவிழ்த்தது பில்தான். "எஸ்.எஸ். ஷாக்கிள் 4" என்று மட்டும் போட்டிருந்தார்கள், கிரேடு இல்லை. "316-ன்னு நாங்க எங்க சொன்னோம்?" என்று கேட்டார்கள். பில்லிலேயே "316" என்றும் "ஹாட் டிப்" என்றும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. சரக்கு முழுவதையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஷாக்கிளையும் சங்கிலியில் ஒரு முழத்தையும் பில்லோடு பத்திரப்படுத்துங்கள். சோதனைக்கு வெட்டக் கொடுப்பது வேறு துண்டாக இருக்கட்டும்.