உறையில் 1977, உள்ளே 1979: தி கிளாஷ் இசைத்தட்டு வாங்குவோர் கவனத்துக்கு

லண்டன் கேம்டன் பகுதியில் உள்ள பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில், தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவின் முதல் ஆல்பத்தின் 1977ஆம் ஆண்டு பிரிட்டன் பதிப்பு என்று சொல்லப்பட்டதை நம்பி, சென்ற மாதம் 85 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன். உறையில் ஐயப்பட ஒன்றுமில்லை. கேட் சைமன் எடுத்த முன்பக்கப் படம், 1976 நாட்டிங் ஹில் திருவிழாவில் காவலர்கள் பாய்ந்தோடும் பின்பக்கப் படம், இசைத்தட்டு நிறுவனமான சிபிஎஸ்ஸின் 82000 என்ற எண், எல்லாம் சரியாகவே இருந்தன. தட்டை வெளியே எடுத்துக் காட்டும்படி கேட்டபோது, கீறல் விழுந்துவிடும் என்று கடைக்காரர் மறுத்தார். அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டது என் தவறு.

வீட்டில் முள்ளை வைத்தபோது, ‘ஜேனி ஜோன்ஸ்’ பாட்டின் டிரம்ஸ் ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்’ தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால் நடு லேபிளில் சிபிஎஸ் இல்லை, எபிக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் இருந்தது. அது 1979இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பு. பிரிட்டன் பதிப்பின் 14 பாட்டுகளில் ‘டினை’, ‘சீட்’, ‘புரோடெக்ஸ் புளூ’, ‘48 அவர்ஸ்’ ஆகிய நான்கை நீக்கி, பிந்தைய ஐந்து பாட்டுகளைச் சேர்த்து, வரிசையையும் மாற்றி அதனை வெளியிட்டார்கள். அதிலுள்ள ‘வொயிட் ரயட்’ பாட்டும் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக வந்த வேறு பதிவுதான்.

இரண்டும் ஒரே ஆல்பம்தானே என்று கடைக்காரர் வாதிட்டார். இல்லை. சேர்க்கப்பட்டவற்றில் ‘வொயிட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே’ அந்தக் குழுவின் மிகச் சிறந்த பாட்டு என்பது என் கருத்து. ஆயினும் அதில் டிரம்ஸ் வாசிப்பவர் முதல் ஆல்பத்துக்குப் பிறகு குழுவில் சேர்ந்த டாப்பர் ஹெடன். 1977 தொடக்கத்தில், சில வார இறுதிகளுக்குள், டெரி சைம்ஸின் டிரம்ஸோடு அவசரமாகப் பதிவான அந்த முரட்டு ஒலிக்கு நடுவே, பக்குவப்பட்ட பிற்காலப் பதிவுகள் வந்து விழும்போது, ஓர் இளம் குழு முதன்முதலாக எழுப்பிய குரல் துண்டு துண்டாகிவிடுகிறது. அந்தக் குரலுக்காகத்தான் நான் பணம் கொடுத்தேன்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்து, 20 பவுண்டுக்கு வேறு தட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்; நான் எடுக்கவில்லை. வாங்குவோர் உறையை மட்டும் பார்க்க வேண்டாம். தட்டை வெளியே எடுக்கச் சொல்லி, லேபிளில் சிபிஎஸ் பெயரும் உறையில் உள்ள அதே எண்ணும் இருக்கின்றனவா, முதல் பக்கம் ‘ஜேனி ஜோன்ஸ்’ பாட்டில் தொடங்குகிறதா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். சென்ற சனிக்கிழமை அதே கடையின் சுவரில், அதே விலைச் சீட்டோடு, இந்த ஆல்பத்தின் இன்னொரு பிரதி மாட்டியிருந்தது.