என் கிடாரின் வயிற்றிலிருந்து காணாமல் போனவை

அந்தக் கிடார் ரிப்பேர் கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவனே நான்தான். “அண்ணா கை வைத்தால் கிடார் பேசும்” என்று வேறு எழுதித் தொலைத்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் பெரம்பூரில் சர்ச்சில் வாசிக்கும் என் நண்பர் தன் கிடாரையும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த உறுத்தல் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் பில் இல்லை, அதனால் கடைப் பெயரும் இங்கே இல்லை. பில் ஏன் இல்லை என்ற கதையும் கீழே வருகிறது.

என்னுடையது எப்பிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் எலெக்ட்ரிக் கிடார், 2020-இல் புதிதாக வெளிவந்த ‘50ஸ்’ வகை. நான்கு வருடம் வாசித்த பிறகு பிக்கப் மாற்றும் ஆசை வந்தது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள்தான் பிக்கப். கம்பிகள் உடம்பில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் பக்கத்துக்கு சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி, கழுத்துப் பக்கமான நெக்குக்கு அவர்களுடைய ’59. ஊர் உலகமெல்லாம் போடும் ஜோடிதான், புதுமை ஒன்றுமில்லை. கடையில் பின்மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் உள்ளே பார்த்த அண்ணா உதட்டைப் பிதுக்கினார்.

“தம்பி, உள்ள இருக்கறதெல்லாம் சைனா மால். நாலு பாட்டையும் மாத்திடலாம். இல்லேன்னா டங்கன் போட்டும் பிரயோஜனம் இல்ல.”

பாட் என்றால் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மின்பாகம். கிடார் சைனாவில் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வகையில் எப்பிஃபோன் கம்பெனியே சிடிஎஸ் பிராண்டு பாட் போட்டு அனுப்புகிறது. காசு கொடுத்துத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்கிற பாட் அது. எனக்கு அன்று தெரியாது. அண்ணாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பிக்கப் இரண்டுக்கும் 22,000, பாட்டுக்கு 1,600, ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பாலிஷ் உட்படக் கூலி 3,500. பாதி முன்பணம். பில் கேட்டேன். “போட்டா ஜிஎஸ்டி ஏறும் தம்பி, உங்களுக்குத்தான் நஷ்டம்” என்றார். தலையாட்டினேன். புதுப் பிக்கப் வந்த டப்பாவைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

“வந்துட்டே இருக்கு தம்பி” என்று மூன்று வாரம் ஓடியது. பிறகு வாங்கப் போனபோது கிடார் பளபளவென்று இருந்தது. கடை ஆம்ப்பில் மாட்டி, இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து ஒரு பவர் கார்ட் அடித்தேன், நெஞ்சில் வந்து மோதியது. மீதிப் பணத்தை அங்கேயே ஜிபே செய்துவிட்டு, ஆட்டோவில் வரும்போதே நட்சத்திரம் போட்டேன்.

அந்த அதிர்வுக்குக் காரணம் இப்போது புரிகிறது. கம்பிகள் புதியவை. பிக்கப்பைக் கம்பிக்கு மிக நெருக்கமாகத் தூக்கி வைத்திருந்தார்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும்.

வீட்டில் மாட்டினால் ஒரே ஹம், விடாத இரைச்சல். வழக்கமாகக் கம்பியில் கை வைத்ததும் அது அடங்கிவிடும், இங்கே அடங்கவில்லை. ஜாக்கின் இரும்பைத் தொட்டால் மட்டும் குறைந்தது. அப்படியென்றால் பிரிட்ஜ் பக்கம் எர்த் வயர் போகவில்லை. சரி, ஏதோ மறந்துவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பிக்கப்பின் திருகுகளைச் சுற்றி மீசை மாதிரி ஏதோ முளைத்திருப்பதைப் பார்த்தேன். இரும்புத் தூள்! ஃப்ரெட்டை ஸ்டீல் வுல் என்கிற இரும்பு நார் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். பிக்கப்பை டேப் போட்டு மூடாமல் அதைத் தேய்த்தால் காந்தம் தூளையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த வேலையில் முதல் நாள் சேருகிற பையனுக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

அப்போதுதான் சந்தேகம் முழுசாக வந்தது. ரிச்சி தெருவில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன். அடுத்து செய்ததை நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் நின்றபடி செய்துவிடலாம், எதையும் கழற்ற வேண்டியதில்லை. கிடாரில் கேபிளைச் செருகுங்கள். வால்யூம் எல்லாம் பத்தில் இருக்கட்டும். கேபிளின் மறுமுனை ப்ளக்கின் நுனியில் மீட்டரின் ஒரு முள், உடம்பில் இன்னொரு முள் வைத்து, மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் திருப்புங்கள். ஸ்விட்ச் எந்தப் பிக்கப்பில் இருக்கிறதோ அதன் மின்தடை ஏறக்குறைய அப்படியே திரையில் வந்துவிடும். வால்யூம் பாட் 500 கிலோ ஓம் என்பதால் அளவு துளி குறைவாகக் காட்டும், அவ்வளவுதான்.

ஜேபிக்குக் கம்பெனி சொல்லும் அளவு சுமார் 16.5 கிலோ ஓம். பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் 16-ஐ ஒட்டி வர வேண்டும். எனக்கு வந்தது 8.1. நெக் பிக்கப் 8.0. இரட்டைப் பிள்ளைகள்! மின்தடையை வைத்து ஒரு பிக்கப் நல்லதா மட்டமா என்று சொல்ல முடியாது, அதிக ஓம் என்றால் உசத்தி என்பதும் கட்டுக்கதை. ஆனால் விற்றவர் சொன்ன பொருள் இதுதானா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

பின்மூடியைத் திறந்தேன். பெரிய சிடிஎஸ் பாட்கள் இருந்த இடத்தில் சுண்டுவிரல் நகம் மாதிரி நான்கு குட்டிப் பாட்கள். பற்றவைத்த இடமெல்லாம் பளபளப்பு இல்லாமல் சாம்பல் பூத்து, திட்டுத்திட்டாக. பிரிட்ஜ் எர்த் வயர் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பாட்டின் முதுகிலிருந்து உருவியவர்கள் புதியதில் பற்றவைக்கவே இல்லை. பிக்கப்பையும் கழற்றிப் பார்த்தேன். ஜேபியிலிருந்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை என நான்கு வயரும், உறையில்லாத எர்த் கம்பி ஒன்றும் வரும். இதில் வந்தது இரண்டே வயர். அடியில் அல்நிக்கோ காந்தத்தின் உலோகப் பட்டைக்குப் பதில் கன்னங்கரேலென்று ஒரு செராமிக் கட்டி.

ஆக, 27,100 ரூபாய் கொடுத்து, இருந்த நல்ல பாகங்களையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கேட்கப் போனபோது அண்ணா அசரவில்லை. “சென்னை வெயில்ல ரீடிங் மாறும் தம்பி.” மாறும்தான். செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். பதினைந்து டிகிரி ஏறினால் 16.5 என்பது 17.5 ஆகலாம். எந்த வெயிலிலும் எட்டாக இறங்காது. இதைச் சொன்னதும் குரல் மாறியது. பழைய பிக்கப், பாட் எங்கே என்றேன்.

“குப்பைல போட்டாச்சு. நீங்க கேக்கவே இல்லையே.”

கடைசியில் இரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் என் கையில் இருப்பது ஒரு ஜிபே ரசீதும், “டங்கன் ஜேபி, 59 ரெடி தம்பி” என்ற வாட்ஸப் செய்தியும்தான். அந்தச் செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் வேலைக்குக் கொடுக்கும்போது பின்மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற பழைய பாகம் எல்லாம் திரும்பி வர வேண்டும் என்பதை அதே வாட்ஸப்பில் எழுதிவிடுங்கள். எனக்கு இரண்டும் அப்போது தோன்றவில்லை.

நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன். போன சனிக்கிழமை நண்பரும் நானும் அவருடைய கிடாரை வாங்கப் போனோம். என் சட்டைப் பையில் மல்டிமீட்டரின் சிவப்பு வயர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணா அதைப் பார்த்தார். “வயரிங் இன்னும் முடியல தம்பி, ரெண்டு நாள் ஆகும்” என்றார். பரவாயில்லை, அப்படியே கொடுங்கள் என்றோம். பாகம் பாகமாக, திருகுகளை ஒரு ஊறுகாய்ப் பாக்கெட் கவரில் போட்டுக் கொடுத்தார். எதிரே டீக்கடை பெஞ்சில் வைத்தே நண்பரின் பழைய பிக்கப் இரண்டையும் அளந்து பார்த்தோம். அவருடையவைதான், பத்திரமாக இருந்தன. முன்பணம் மட்டும் இன்னும் வரவில்லை.