மாற்றி அமைத்த பத்மினி: கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்

விற்பனைக்கு வரும் பழைய பிரீமியர் பத்மினி கார்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, "கம்பெனி கண்டிஷன்". இன்னொன்று, "ஃபுல்லி மாடிஃபைடு". இரண்டாவது ரகத்துக்குச் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் வண்டியின் விலையாக இருக்காது. உரிமையாளர் பட்டறையில் கட்டிய பில்களையெல்லாம் கூட்டிய தொகையாகத்தான் இருக்கும். வாங்க வருபவர் அந்தப் பில்லுக்குப் பணம் தருவதில்லை. மாடிஃபைடு பத்மினியை ஒரு சரக்காக வைத்துப் பார்த்தால் எதற்கு விலை உண்டு, எதற்கு இல்லை, எது விலையைக் கீழே இழுக்கும் என்பதுதான் இந்த மதிப்புரை.

முதலில் அடிப்படை வண்டி. 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்தது, பிறகு பிரசிடெண்ட் ஆனது, 1974-இல் பத்மினி என்ற பெயர் பெற்றது. நம் ஊரில் இன்றும் பலருக்கு அது வெறும் "ஃபியட்"தான். 1089 சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய நான்கு கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பின்னால் பட்டை ஸ்பிரிங், 5.20-14 டயர். அம்பாசடரோடு ஒப்பிட்டால் எடை குறைவு, ஓட்டச் சுகமானது. விலைக்கணக்கில் மிக முக்கியமான சங்கதி வேறு: இதற்குத் தனிச் சேஸி கிடையாது. பாடியே சேஸி. ஃபுட்போர்டின் கீழ்ப் பெட்டியும் தரைத் தகடும் துருவேறியிருந்தால், மேலே எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டிக்கு முதுகெலும்பு இல்லை.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். விலை முடிவாகிற இடம் பட்டறை அல்ல, இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. ஆகவே ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் இன்ஜின் மாறியிருந்து, புது இன்ஜின் எண் ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால், வாங்குபவர் காரோடு ஒரு வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது எண் ஒத்துப் போகாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை "விண்டேஜ்" என்று தனியாகப் பதியலாம். மாநில எழுத்துகளுக்குப் பின் "வி.ஏ." என்று வரும் எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுச் செல்லுபடி, மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டத்துக்கு அல்ல. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பிரசிடெண்டுகளும் முதல் ஆண்டுப் பத்மினிகளும் இப்போது இந்த வயது வரம்பைத் தொட்டுவிட்டன. அந்த வயதில் உள்ள வண்டிக்கு வேறு இன்ஜின் போட்டவர், சேகரிப்பாளர் என்ற வாடிக்கையாளரையே இழக்கிறார். இருக்கிறவர்களில் கொஞ்சம் தாராளமாகக் கை நீட்டுபவர் அவர்தான்.

இனி மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மிகப் பொதுவானது பிரீமியரின் இன்னொரு காரான 118 என்.இ.யின் நிசான் ஏ12 இன்ஜின், 1171 சி.சி., அதன் கியர் பாக்ஸோடு. ஓட்டுவதற்கு நல்ல மாற்றம். இழுவை கூடும், கியர் தரைக்கு வந்துவிடும். பிரச்சினை வேலைப்பாட்டில். கியர் லிவருக்காகத் தரை மேட்டை வெட்டியிருப்பார்கள். வெட்டிய விளிம்பை மடித்து வெல்டு செய்யாமல் ரப்பரை ஒட்டி மூடியிருந்தால் அங்கிருந்தே துரு தொடங்கும். இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்றிவிட்டுப் பேலன்ஸ் பார்க்காமல் விட்டால், மணிக்கு 60 கி.மீ. தாண்டியதும் இருக்கைக்கு அடியில் அதிர்வு வரும். "டயர் பேலன்ஸ்தான் சார், சரியாகிடும்" என்று சமாதானம் சொல்வார்கள். டயரால் வரும் நடுக்கம் பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். ஷாஃப்டால் வருவது முதுகில் தெரியும். டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டியானால் முன் ஸ்பிரிங்கையும், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னையும் பார்க்காமல் பேச்சே எடுக்கக் கூடாது. கூடுதல் எடை முழுக்க அங்கேதான் உட்காருகிறது.

முன் சக்கர டிஸ்க் பிரேக். செய்த விதம் சரியென்றால் மதிக்கத்தக்க மாற்றம். பாதிப் பட்டறைகள் இதில் சறுக்குவது, பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில். டிரம்முக்கான சிலிண்டர் காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கோ அது பேடை விடாமல் உரச வைக்கும். பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, முன் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டு போனால் தெரிந்துவிடும்: அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் போட்ட வண்டியில் பெடல் கல்லாக இருக்கும்.

ஏ.சி.யைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. மூல இன்ஜினில் போட்டால் மேட்டில் மூச்சு வாங்கும். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறிக்கும். சித்திரை வெயிலில் சிக்னலில் பதினைந்து நிமிடம் ஏ.சி.யோடு நிற்க விட்டு, டெம்பரேச்சர் முள் எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் அதற்கு விலை பேச வேண்டும்.

சின்ன மாற்றங்கள்தான் உண்மையில் காசு பெறுகின்றன. டைனமோ இருந்த பழைய வண்டியில் ஆல்டர்னேட்டர், ஹெட்லைட்டுக்கு ரிலே, சீட் பெல்ட், மின்சார பெட்ரோல் பம்ப். கடைசியாகச் சொன்னதன் அருமை, வெயிலில் நின்றுபோன ஃபியட்டின் பம்ப்மேல் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். இவை எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும். யாரும் பயப்பட மாட்டார்கள்.

அலாய் வீல் ரசனைக்கு உட்பட்டது. பழைய 14 அங்குல ரிம் ஐந்தும், வீல் கப்பும் கூடவே வந்தால் நஷ்டமில்லை. அகல டயருக்காக ஃபெண்டர் விளிம்பை அடித்து மடக்கியிருந்தால் அது பாடி வெட்டு, விலையில் கழிவு. வைரத் தையல் போட்ட சீட், நீல எல்.இ.டி., டிக்கி நிறைய ஸ்பீக்கர்: பூஜ்யம். மூலக் கதவு அட்டையையும் கைப்பிடிகளையும் தூக்கிப் போட்டிருந்தால் பூஜ்யத்துக்கும் கீழே.

கூரையை வெட்டித் திறந்த காராக்கியதை வாங்கவே கூடாது. தனிச் சேஸி இல்லாத வண்டியில் கூரையும் தாங்கும் பாகம். வெட்டிய பின் நடுப்பகுதி தொய்ந்து கதவு இடிக்கத் தொடங்கும். ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடாவிட்டால் உதிரிபாக விலைக்கு மட்டுமே பேசலாம்.

இப்போது கணக்கு. கீழே உள்ளவை சந்தை விலைகள் அல்ல, முறையைக் காட்ட எடுத்த தொகைகள். அதே ஆண்டு, அதே நிலையில் மாற்றமில்லாத பத்மினி ஒன்று 3,00,000 என்று வையுங்கள். உரிமையாளர் மேலே போட்டது: இன்ஜின் 90,000, டிஸ்க் 25,000, ஏ.சி. 45,000, அலாயும் டயரும் 35,000, உள்அலங்காரம் 45,000. மொத்தம் 2,40,000. அவர் மனதில் உள்ள விலை 5,40,000.

வாங்குபவர் இதைத் தலைகீழாகப் போடுகிறார். ஒவ்வொரு மாற்றத்திடமும் ஒரே கேள்வி: பழையபடி ஆக்க எவ்வளவு ஆகும், கழற்றியதை விற்றால் எவ்வளவு வரும்? ஆர்.சி.யில் ஏறாத இன்ஜின்: 1089 சி.சி. இன்ஜின் தேடி, வேலை பார்த்து ஏற்ற 60,000. கழற்றிய நிசான் இன்ஜின் 25,000-க்குப் போகும். ஆக 35,000 கழிவு. டிஸ்க் சரியாக வேலை செய்து, டிரம்களும் கையில் இருந்தால் 10,000 கூட்டல். ஏ.சி. 15,000 கூட்டல். அலாய், மூல ரிம்களோடு, 15,000 கூட்டல். உள்அலங்காரம் ஒன்றுமில்லை. வருவது 3,05,000. இரண்டே கால் லட்சத்துக்கு மேல் போட்டு ஐயாயிரம் ஏறியிருக்கிறது.

அதே இன்ஜின் மாற்றம் அனுமதியோடு நடந்து எண் ஆர்.சி.யில் ஏறியிருந்தால், தினமும் ஓட்ட நினைப்பவர் அதற்கு 40,000 கூடவே தருவார், விலை 3,80,000. காரில் ஒரு திருகாணியும் மாறவில்லை, காகிதத்தில் ஒரு வரி, வித்தியாசம் 75,000. விற்பவர் புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் இந்த வரியைப் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அடிப்படை விலையை எங்கே எடுப்பது? இணைய விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. மூன்று மாதமாக அங்கேயே இருந்தால் அது கிடைக்காத விலை. பழைய கார் செயலிகளின் தானியங்கிக் கணிப்பு இந்த வயது வண்டிகளுக்குப் பயன்படாது. பாலிசியில் ஐ.டி.வி. என்று வண்டிக்குக் குறித்திருக்கும் காப்பீட்டு மதிப்பையும் நம்ப வேண்டாம்: ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அது நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொள்ளும் தொகை. மதிப்பீட்டாளரின் சான்றிதழ் பாகப்பிரிவினைக்கும் நீதிமன்றத்துக்கும் உதவும். பேரத்தில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஃபியட் வேலை மட்டுமே பார்க்கும் பழைய மெக்கானிக்குகள் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு, கடைசியாக எந்த வண்டி எவ்வளவுக்குக் கை மாறியது என்று அறிவதுதான் இருப்பதில் நல்ல வழி. அவர்களுக்கும் தரகு இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், டார்ச், பழைய போர்வை போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் விளிம்பிலும் ஃபெண்டர் வளைவிலும் வைத்தால் பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது. போர்வையை விரித்துப் படுத்துத் தரைத் தகட்டைப் பாருங்கள். புதிதாகத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மும்பை வண்டி என்றால் கூரையின் உள் ஓரத்திலும் டாஷ்போர்டுக்குப் பின்னாலும் மஞ்சள் பெயிண்டைத் தேடுங்கள். அங்கே கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவாகி, இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. டிக்கியில் கேஸ் சிலிண்டர் ஸ்டாண்டின் வெல்டிங் தழும்பு இன்னொரு அடையாளம். டாக்ஸியாக ஓடியது குற்றமல்ல, ஆனால் "ஒரே டாக்டர் ஓட்டிய வண்டி" என்ற விலைக்கு அதை வாங்க முடியாது.

முன்பணம் தருவதற்கு முன் சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலிருந்தே படித்து, ஆர்.சி.யோடும் அரசின் பரிவாகன் இணையதளத்தோடும் ஒப்பிட வேண்டும். கையால் எழுதிய பழைய புத்தகம் கணினியில் ஏறாமலே இருக்கலாம். அதை ஏற்றித் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும், வெளிமாநிலம் என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும் வேண்டும். கூடவே, கழற்றி வைத்த பழைய சாமான்களை விற்பவரின் பரணிலிருந்து அன்றைக்கே இறக்கி டிக்கியில் ஏற்றிவிடுங்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்ற சாமான் சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் வேறு யாருக்காவது விலையாகிவிடும்.