ஜெயில் ஓட்டல் கேட்டு வேலூர் வருகிறவர்களுக்கு

வெளிநாடுகளில் பழைய ஜெயில்களை ஓட்டலாக்கியிருப்பது போல, திப்புவின் பிள்ளைகளையும் இலங்கையின் கண்டி ராஜ்யத்துக் கடைசி ராஜாவையும் அடைத்து வைத்த கோட்டையில் ஒரு ராத்திரி தங்க முடியுமா என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். முடியாது. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது சட்டம். உள்ளே ஓட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் பெரிய இழப்பும் இல்லை. பாஸ்டனில் 1851இல் கட்டிய சார்ல்ஸ் ஸ்ட்ரீட் ஜெயிலை 2007இல் ஓட்டலாக்கினார்கள். மொத்தம் 298 அறை. பழைய ஜெயில் கட்டடத்துக்குள் இருப்பவை 18தான். மற்றவை பக்கத்தில் எழுப்பிய புதுக் கோபுரத்தில். ஆக்ஸ்ஃபோர்டின் ஜெயில் ஓட்டலில் மூன்று கொட்டடிகளை இடித்துச் சேர்த்து ஓர் அறையாக்கியிருக்கிறார்கள். ஜன்னல் தலைக்கு மேலே, நின்றால் வானம் மட்டும் தெரியும். இப்படிப்பட்ட இடங்களில் சுவர் தடிமனால் வைஃபை திணறும், நடுக்கூடத்தில் யார் பேசினாலும் எல்லா மாடிக்கும் கேட்கும். பணம் கொடுத்துப் படுக்கிற ஜெயில் அவ்வளவுதான்.

வேலூரில் கோட்டையைப் பகலில் பார்த்துவிட்டு வெளியே தங்க வேண்டும். லாட்ஜ்கள் அடர்த்தியாக இருப்பது சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியைச் சுற்றி. கோட்டைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்த வட்டாரம் வசதி, அதற்குக் காரணம் சிஎம்சிக்கு வரும் வங்கதேச நோயாளிகள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும். ஃபார்ம் சி என்று சொல்வது இதைத்தான். வேறு ஊர்ச் சின்ன லாட்ஜ்களில் அந்த இணையதளத்தில் கணக்கே இருக்காது. "ரூம் ஃபுல்" என்று அனுப்பிவிடுவார்கள். சிஎம்சி பக்கத்து மேனேஜர்களுக்கு இது தினப்படி வேலை. பாஸ்போர்ட், விசா அல்லது (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) ஓசிஐ அட்டை, ஒவ்வொன்றுக்கும் நகல், ஒரு போட்டோ கையில் இருந்தால் கவுண்டரில் நிற்கிற நேரம் குறையும். போனில் பதிவு செய்யும்போதே "ஃபாரின் பாஸ்போர்ட், ஃபார்ம் சி போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இதே லாட்ஜ்களின் குறையும் அதே காரணத்தால்தான். வாரக்கணக்கில் தங்கும் நோயாளிக் குடும்பங்களுக்காக வைத்த அறைகள் அவை. சிலவற்றில் சமைக்க மேடை இருக்கும், அலங்காரம் இருக்காது. முன்பணம் கொடுக்கும் முன் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து கையில் சோப்பு போட்டுப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது, தலைக்குக் குளித்தால் முடி கயிறாகிவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, வெறும் ஃபேனும் லைட்டும்தானா என்று கேளுங்கள். மே மாத வேலூரில் இது சாதாரணக் கேள்வி இல்லை. கடைசி மாடி அறை வேண்டாம்; பகலெல்லாம் காய்ந்த தளம் நடுராத்திரி வரை சூட்டைக் கக்கும். செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, காலை நேரக் கணக்கா என்பதையும் பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

ரயிலில் வந்தால் காட்பாடியில் இறங்கணும். அங்கிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ் ஊருக்குள் விடும். வெளியூர் பஸ்கள் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகும், கோட்டைக்குப் பக்கம் பழைய பஸ் ஸ்டாண்ட். ஆட்டோவில் "ஜெயில்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தொரப்பாடி மத்தியச் சிறைக்குக் கொண்டுபோய் விடுவார். ராஜாஜி 1921 டிசம்பரில் அடைபட்டது வேலூர்ச் சிறையில்தான், ஆனால் அது இன்றும் கைதிகள் இருக்கிற சிறை. வாசலில் போட்டோ எடுக்க நிற்காதீர்கள்.

கோட்டைக்குள் போகக் கட்டணம் இல்லை. சாமியில்லாத கோயில் என்று ஊரே கேலி பேசிய ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981 முதல் பூசை நடக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. திப்பு மகால், ஹைதர் மகால், கண்டி மகால் எல்லாம் வெளியிலிருந்து பார்ப்பதற்கு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும் இந்த வளாகத்தில்தான். அதன் பிறகு திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பத்து வருஷம் கழித்துக் கண்டி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனைக் கொண்டுவந்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் பலர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். ராஜாவின் சமாதி கோட்டையில் இல்லை, பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் இருக்கிறது. ஆட்டோ பேசும்போதே போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள்.