முன் அச்சைத் தூக்கிப் பார்க்காமல் லோடருக்குக் காசு கொடுக்காதீர்கள்

போன வியாழக்கிழமை என் மினி டிராக்டரை மூன்றாவது முறையாகப் பட்டறையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். மூன்று முறையும் அதே இடது முன்சக்கரம். இந்தத் தடவை 1,900 வெள்ளி (ரிங்கிட்). கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தால், ஈஜோக்கில் இருக்கும் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஜப்பான் வண்டி, 24 குதிரைத் திறன், முன்னால் லோடர் (மண், சாணம் அள்ளித் தூக்கும் பக்கெட்டும் அதன் கைகளும்), தஞ்சோங் காராங்கில் ஒரு தவுக்கேயிடம், அதாவது வண்டி விற்கும் முதலாளியிடம், நிற்கிறதாம். விலை 31,000 வெள்ளி. "மச்சான், எடுக்கலாமா? நீங்கதான் நாலரை வருசமா ஓட்டுறீங்களே."

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இவ்வளவு நீண்டுவிட்டது. இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று முழுவதையும் இங்கே போடுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருடமாகியும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. 1917-இல் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்பா தோட்டத்தில் மாஸி 135 டிராக்டர் ஓட்டியவர். எனக்கு ஆறு ஏக்கர் செம்பனை, பதினெட்டு மாடு. சாணம் அள்ளவும், மில்லிலிருந்து வரும் வெறுங்குலையை (பழம் உதிர்த்த செம்பனைக் குலையை) மரத்தடியில் கொண்டுபோய்ப் போடவும், மழைக்குக் குழிவிழும் பாதையில் மண் நிரப்பவும்தான் லோடர் வாங்கினேன்.

குபோத்தா, யன்மார், இசேக்கி என்று ஜப்பானிலிருந்து பழைய வண்டிகள் நிறைய இறங்குகின்றன. என்னுடையது எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை எந்தக் கம்பெனியுடையதும் அல்ல. இந்த வண்டிகள் ஜப்பானில் நெல் வயலுக்காகச் செய்யப்பட்டவை. பின்னால் ரோட்டவேட்டர் மாட்டிச் சேற்றை உழுவதுதான் அவற்றின் வேலை. பெரும்பாலானவற்றில் லோடர் பிறகு மாட்டியது. என்னுடையதிலும் அப்படித்தான். மூக்கில் பாரம் ஏற்றுவோம் என்று அந்த முன் அச்சைச் செய்தவன் நினைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

கணக்கைச் சொல்கிறேன், மாப்பிள்ளை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் இருக்கும் பாரம் முன் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் தொங்குகிறது. 300 கிலோ ஈரச் சாணம் அள்ளினால் முன் அச்சில் ஏறுவது 300 அல்ல, 500 கிலோ. அந்த அதிகப்படி 200 கிலோ பின்சக்கரத்திலிருந்து கழிந்து முன்னால் வருகிறது. பின்பக்கம் அவ்வளவுக்கு லேசாகிவிடும். பக்கெட் காலியாக இருந்தாலும் லோடரின் இரும்பு எடை எந்நேரமும் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு மருந்து பின்பாரம். 200 லிட்டர் எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டி, குறுக்கே ஒரு கம்பியை வைத்து கான்கிரீட் ஊற்றினால் ஏறக்குறைய 240 கிலோ வரும். அதைப் பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் (ரோட்டவேட்டர் மாதிரி கருவிகளை மாட்டும் கைகளில்) தூக்கி மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால் தொங்கினால், முன் அச்சிலிருந்து 120 கிலோவை அது எடுத்துவிடும். பின்சக்கரத்தில் 360 கிலோ கூடும். பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் போதும் என்று பலர் சொல்வார்கள். வண்டி கவிழாமல் நிற்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முன் அச்சின் சுமையில் ஒரு கிலோவைக்கூட அது குறைக்காது.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பின்பாரமே மாட்டியதில்லை. எப்படித் தெரியும் என்றால், மூன்று புள்ளிக் கைகளில் பெயின்ட் புதிதாக இருந்தது, பந்து மூட்டுகளில் தேய்மானமே இல்லை. வாங்குகிற அன்று அதைப் பார்த்து, வண்டியை அதிகம் அடிக்கவில்லை போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் லோடரை வருடக்கணக்காக வெறும் முதுகோடு ஓட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வாங்கி எட்டாவது மாதம் இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வடிந்தது. ரிம்மில் கரிய கோடு, அதில் மண் ஒட்டிச் சேறு மாதிரி தடித்திருந்தது. பட்டறையில் ஆயில் சீல் (எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றினார்கள், 280 வெள்ளி. ஒன்றரை வருடத்தில் திரும்பவும் அதே கோடு. திரும்பவும் சீல், 350 வெள்ளி. அந்தப் பட்டறைக்காரர் கைசுத்தமாக வேலை செய்கிறவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் சீல் ஏன் போகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தத் தடவை வேறு ஆளிடம் போனேன். வயதானவர். எதையும் பிரிப்பதற்கு முன்பே முன் அச்சின் நடுவில் ஜாக் வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து ஆட்டினார். டொக் டொக் என்று சத்தம் கேட்டது. "பாஸ், சீல் நல்லாத்தான் இருக்கு. பேரிங் ஆடுது. தண்டு ஆடுனா எந்தச் சீல் நிக்கும்?" என்றார். அரை நிமிட வேலை. நாலரை வருடத்தில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. பிரித்துப் பார்த்தால் மேல் பேரிங்கும் கீழ் பேரிங்கும் தேய்ந்திருந்தன. உள்ளே இருந்த எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தது. எண்ணெய் வெளியே வந்த வழியாகவே மழைத் தண்ணீரும் கால்வாய்த் தண்ணீரும் உள்ளே போயிருக்கின்றன.

உதிரிபாகம் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். சீலில் உள் அளவு, வெளி அளவு, தடிப்பு என மூன்று அளவும் அச்சடித்திருக்கும். அந்த எண்களை எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால் பாதிப் பொருள் அங்கேயே கிடைத்துவிடும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. பல்சக்கரம் போயிருந்தால்தான் அலைச்சல். என் நல்ல காலம், அது தப்பித்தது.

என் தப்பும் இதில் உண்டு. முதல் இரண்டு வருடம் வீட்டிலிருந்து தோட்டத்துக்குத் தார் ரோட்டில் இரண்டு கிலோமீட்டரும் நாலு சக்கர இழுவையைக் கழற்றாமலே ஓட்டினேன். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கெல்லாம் முன் அச்சுக்குள்தான் போகும். பாரத்தோடு சரிவில் இறங்கும்போது மட்டும் கழற்றக் கூடாது. பிரேக் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது, அதுவோ லேசாக இருப்பதால் தரையைச் சரியாகப் பிடிக்காது. ஒரு தடவை கால்வாய் ஓரத்தில் பக்கெட்டை மேலே தூக்கியபடி திரும்பியபோது வலது பின்சக்கரம் நிலத்தை விட்டு எழும்பியது. பக்கெட்டை உடனே கீழே விட்டதால் பிழைத்தேன். அன்று மாலையே டிரம்மை வெட்டி கான்கிரீட் ஊற்றினேன். அதற்குப் பிறகு பாரத்தோடு போகும்போது பக்கெட் என் முழங்காலுக்கு மேல் போனதில்லை.

நல்லதையும் சொல்லாமல் விட்டால் பாவம். இன்ஜின் நாலரை வருடத்தில் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. விடியற்காலை ஈரத்திலும் ஒரே அடியில் பிடிக்கும். ஆயில், பில்டர் தவிர அதற்கு நான் எதுவும் செலவழிக்கவில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டர் 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய போதும், இந்த வண்டி குடிக்கிற அளவுக்கு அது பெரிய அடியாகத் தெரியவில்லை.

லோடர் லீவரை முன்னால் முழுக்கத் தள்ளினால் ஒரு இடத்தில் 'டக்' என்று நின்றுகொள்ளும். அதை மிதவை நிலை என்பார்கள். பக்கெட் தன் எடையில் தரையைத் தொட்டபடி, மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தானாக ஏறி இறங்கும். வாங்கும்போது இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மாட்டுக் கொட்டகை சிமென்ட் தரையில் அதைப் போட்டுப் பின்னால் வந்தால் சாணம் வழித்தெடுத்த மாதிரி வரும், தரையில் ஒரு கீறல் விழாது. முன்பு நானும் ஒரு ஆளும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகக் காலையில் இரண்டு மணி நேரம் நின்ற வேலை, இப்போது இருபது நிமிடம். என் இடுப்பு வலி போனது மருந்தால் அல்ல, அந்த லீவரால். போன வருடம் எங்கள் அம்மன் கோவில் தீமிதிக்கு விறகும் மணலும் இதிலேதான் போயின. பக்கெட்டுக்கு மஞ்சள் தடவி, எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார்கள். அன்று அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க காலத்துல இது இருந்திருந்தா" என்று மட்டும் சொன்னார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கணக்கு மீட்டரை நம்பாதீர்கள். கிளட்ச் பெடல் ரப்பரையும் சீட்டையும் பாருங்கள். கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் நம் ஊர் மழை நேராக கியர் பாக்ஸுக்குள் போகும். இந்த வண்டிகள் பலவற்றில் ஹைட்ராலிக்குக்கும் அதே எண்ணெய்தான், அதனால் அளவுகோலை உருவி நிறத்தைப் பாருங்கள். பக்கெட்டில் பாரம் வைத்துத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. லோடரைத் தாங்கும் சட்டம் பின் அச்சு வரைக்கும் போகிறதா என்று குனிந்து பாருங்கள். கிளட்ச் பெட்டியோடு நின்றுவிட்டால் அந்த வார்ப்பிரும்பு ஒரு நாள் விரிசல் விடும். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியில் லோடர் வேண்டவே வேண்டாம், தோள் போய்விடும்.

ஆக மாப்பிள்ளை, எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எடுக்காதீர்கள். லோடர் இல்லாத வண்டியாகப் பாருங்கள், கூட ஒரு டிரெய்லர் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மாடு இல்லை, நாலு ஏக்கர்தான். குலை ஏற்ற லோடர் தேவையில்லை. அடுத்தவன் பின்பாரம் இல்லாமல் அடித்த முன் அச்சுக்கு நீங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்? இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறாரே என்று தங்கச்சி கேட்கும். அந்த 1,900 வெள்ளி ரசீது இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. வேறு பதில் எனக்கு வரவில்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், தவுக்கேக்கு முன்கூட்டியே சொல்லாமல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போவோம். இன்ஜின் சூடாக இருக்கக் கூடாது, முன் அச்சைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கவும் கூடாது. ஈஜோக் வழியாக வந்து உங்களை ஏற்றிக்கொள்கிறேன். ஜாக்கும் இரண்டு மரக்கட்டையும் என் காரில் இருக்கின்றன.