கொடுமணலா, அரியலூரா: பழைய எலும்பு பார்க்க எங்கே போகலாம்?

ஈரோடு, திருப்பூர் பக்கம் கிணறு வெட்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா? கிடைக்காதுங்க. நம் அடிப்பாறை, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ், சார்னோகைட் என்னும் பாறைகள். பெரும்பகுதிக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. முதுகெலும்புள்ள உயிர்கள் தோன்றியே ஏறக்குறைய 50 கோடி ஆண்டுதான் ஆகிறது.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் விலங்கெலும்புகள் வந்தன. சுமார் 2,000 ஆண்டுப் பழசு என்றாலும் அவை இன்னும் எலும்புதான், கல்லாகவில்லை.

அரியலூர் கதையே வேறு. கிரெட்டேசியஸ் என்னும் டைனோசர் காலத்துக் கடலும் ஆறுகளும் சேர்த்த மணலும் களிமண்ணும் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. செத்த விலங்கை நரியும் வெயிலும் சிதைக்கும் முன் வண்டல் மூடிவிட வேண்டும். அப்புறம் நிலத்தடி நீரில் கரைந்த கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளில் படிந்து, உள்ளமைப்பு கெடாமல் அதைக் கல்லாக்கும். அந்தப் பக்கம் கிடைத்த ராட்சத எலும்புகளுக்குத்தான் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று டைனோசர் பெயர் வைத்தார்கள். அவை பின்னர் சிதைந்துபோனதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கொங்கு வரலாற்றுக்குக் கொடுமணல் அவசியம். ஆனால் எலும்பு கல்லாவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அரியலூருக்கே போங்கள். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள்.