ஆடிட்டர் ஆபீஸில் இரும்பு எங்கே? சேவைத் துறை வளர்ச்சியை எந்தக் குறியீட்டால் அளப்பது

வக்கீல், ஆடிட்டர், பொறியியல் ஆலோசகர், விளம்பர நிறுவனம் என்று தமிழ்நாட்டின் தொழில்முறைச் சேவைகள் உண்மையில் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று ஒரு சிறிய அறிக்கைக்காகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. நடப்பு விலையில், அதாவது அந்தந்த ஆண்டின் விலையிலேயே, உள்ள வளர்ச்சியிலிருந்து விலையேற்றத்தைக் கழிக்க வேண்டும். சரி, எந்த விலையேற்றத்தை? என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள்: மொத்த வியாபாரத்தில் பொருட்களின் விலையைக் காட்டும் மொத்த விலைக் குறியீடு, வீட்டுச் செலவின் விலையைக் காட்டும் நுகர்வோர் விலைக் குறியீடு, அல்லது விலையை விட்டுவிட்டு அந்தத் துறையில் வேலை செய்யும் ஆட்களை எண்ணுவது. நான் நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்துக்கொண்டேன்.

ஆட்களை எண்ணும் யோசனையைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒரு மாநிலம், அதற்குள் ஒரு துறை என்று நறுக்கிக்கொண்டே போனால் மாதிரி சுருங்கிவிடும். நாலு பேர் செய்த ஜி.எஸ்.டி. வேலையை மென்பொருளை வைத்து இரண்டு பேர் முடித்தால், உற்பத்தி பாதியாகிவிட்டதாக வேறு இந்தக் கணக்கு சொல்லும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். கோவையில் ஆடிட்டராக இருக்கும் என் மைத்துனரிடம் மொத்த விலைக் குறியீட்டைப் பற்றிச் சொன்னேன். "என் ஆபீஸ்ல இரும்பு எங்க இருக்கு மாப்ள?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2011-12 அடிப்படையிலான மொத்த விலைக் குறியீட்டில் 64.23% உற்பத்திப் பொருட்கள், 22.62% முதன்மைப் பொருட்கள் (விளைபொருள், கனிமம் போன்றவை), 13.15% எரிபொருளும் மின்சாரமும். சேவை என்று ஒன்றுகூடக் கிடையாது. அவர் செலவோ சம்பளமும் வாடகையும்தான்.

இது எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு துறை நடப்பு விலையில் ஆண்டுதோறும் சீராக 12% வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த விலை 2022-23இல் 9.4% ஏறியது, 2023-24இல் 0.7% இறங்கியது. இதைக் கொண்டு கழித்தால் (அதாவது 1.12ஐ 1.094ஆல் வகுக்கும் முறையில்) உண்மை வளர்ச்சி முதல் ஆண்டில் 2.4%, அடுத்த ஆண்டில் 12.8%! ஆடிட்டர்கள் ஓர் ஆண்டு தூங்கிவிட்டு மறு ஆண்டு விழித்துக்கொண்டார்களா என்ன? ஆடியது கச்சா எண்ணெயும் உலோகமும். நுகர்வோர் விலை அதே ஆண்டுகளில் 6.7%, 5.4% ஏறியது. அதைக் கொண்டு கழித்தால் 5.0%, 6.3%. நம்பும்படியாக இருக்கிறது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும். மொத்த விலை சரியும் ஆண்டில் யாரும் ஒன்றும் செய்யாமலே வளர்ச்சி வீங்கிவிடும், அறிக்கைகளும் அதைக் கொண்டாடிவிடும்.

அதற்காக நுகர்வோர் குறியீடு குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். 2012 அடிப்படைத் தொடரில் உணவும் பானங்களும் மட்டும் 45.86%. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது பணவீக்கம் 7.44% ஆனது. தக்காளிக்கும் வக்கீல் பீஸுக்கும் என்ன சம்பந்தம்? அதனால் கடைசியில் உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தினேன். அந்த மீதியிலும் தங்கம் இருக்கிறது. அதன் விலை ஏறும் ஆண்டுகளில் கொஞ்சம் உறுத்தும். அமெரிக்காவில் சட்டப் பணிக்கும் கணக்குத் தணிக்கைக்கும் உற்பத்தியாளர் விலைக் குறியீடு தனித்தனியாகவே வருகிறது. நமக்கு அப்படி இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் என் தேர்வை அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். மாநில உற்பத்திக் கணக்கில் தொழில்முறைச் சேவைகள் தனி வரியாக வருவதில்லை. வீட்டுமனை, குடியிருப்பு உரிமை (வீடுகளின் வாடகை மதிப்பு) ஆகியவற்றோடு ஒரே மூட்டையில் வருகின்றன. கணினிச் சேவைகளும் அதே மூட்டைக்குள்தான். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஐ.டி. நிறுவனங்கள் பில் போடுவது பெரும்பாலும் டாலரில். 2022 மார்ச் இறுதியில் சுமார் 76 ரூபாயாக இருந்த டாலர், ஓராண்டில் 82 ஆனது. ஒரு டாலர்கூட அதிகம் சம்பாதிக்காமலே ரூபாய் வருமானம் 8% கூடும். அதை எந்த உள்நாட்டுக் குறியீடும் சரியாகக் கழிக்காது. ஏற்றுமதிக் கணக்கில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அதனால் ஐ.டி.யைத் தொடாமல், உள்ளூர் வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்களோடு என் அறிக்கையை நிறுத்திக்கொண்டேன்.